பேர் வெட்டின கும்பா

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்குக் காத்தெல்லாம் வேண்டியதில்ல, இந்தப் பை நசுங்காம இருந்தாப் போதும். மேல வைக்கலாம்தான். வைக்க மாட்டேன். உள்ள மிஷின் இருக்கு, குலுங்குனா ஊசி வளைஞ்சுரும். நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆச்சு. நான் திருப்பூர். தங்கச்சி வீட்டுக்கு. வீடுன்னு சொல்லக்கூடாது, லேடீஸ் ஹாஸ்டல். பனியன் கம்பெனியில வேலை பாக்குற பொம்பளைங்க தங்குறது. அங்க போறது இன்னைக்குத்தான் மொதத் தடவை.

தங்கச்சி என்கூடப் பேசி நாலு மாசம் ஆச்சு சார். ஒரு கும்பாவுக்காக. சிரிக்காதீங்க. கஞ்சி ஊத்திக் குடிக்கிற வெங்கலக் கும்பா, அதுவும் பெருசு இல்ல. சின்னப் பிள்ளைக்கு ஊட்டுற அளவு, இந்தா, என் உள்ளங்கையில அடங்கிரும். அதுக்காகக் கூடப்பொறந்தவனை வேண்டாம்னு ஒதுக்கி வச்சுட்டா. நான் என்ன திருடுனேனா, ஏமாத்துனேனா? வியாபாரம் பண்ணுனேன். மொத்தமாச் சொல்றேன், குத்தம் யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. பாத்தாப் படிச்சவரு மாதிரி இருக்கீங்க.

நமக்கு அருப்புக்கோட்டை. பேரு சௌந்திரபாண்டி. இருபத்தஞ்சு வருசமாப் பழைய பாத்திரக் கடை. பித்தளை, வெங்கலம், ஓட்டை, ஒடைசல், எது கொண்டாந்தாலும் எடைபோட்டு வாங்குறது, உருக்குறவனுக்கு எடைபோட்டு விக்கிறது. கிலோவுக்கு இருவது முப்பது நிக்கும். அதை வச்சுத்தான் ஒரு பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். யாரு கையையும் எதிர்பாத்ததில்ல.

அப்ப ஒரு டாக்டரம்மா வந்தாங்க சார். மதுரைக்காரங்க, கார்ல வந்து எறங்குனாங்க. கைப்பிடி ஒரு பக்கம் கீறல் விட்ட வெங்கல உருளி ஒண்ணு உருக்கப் போட வச்சிருந்தேன். எடைக்கு என்ன வருதோ குடுத்துட்டு எடுத்துக்கிட்டாங்க. நானும் சந்தோசமாக் குடுத்தேன். ரெண்டு வாரங் கழிச்சு என் பொண்டாட்டி போனைக் கொண்டாந்து காட்டுறா, ஏங்க இது நம்ம உருளி மாதிரி இருக்கேன்னு. மாதிரி என்ன மாதிரி, அதேதான். அதே கீறல். போன்ல ஏலம் விடுற ஆப்புல கெடக்கு. நான் குடுத்ததைப் போல ஏழு மடங்குக்குப் போயிருக்கு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல சார். இருபத்தஞ்சு வருசமா எத்தனை உருளியை உருக்கப் போட்டிருப்பேன்? 

அன்னைக்கே நானும் அந்த ஆப்பை எறக்கிட்டேன். ரொம்பச் சுளுவு. பொருளைப் படம் பிடிச்சுப் போடணும். ஒரு வாரம் கெடக்கும். ஆளாளுக்கு அவனவன் ஊர்ல உக்காந்துக்கிட்டு விலையை ஏத்துவாங்க. குறிச்ச நேரம் முடியிறப்ப யாரு ஒசத்திக் கேட்டிருக்காங்களோ அவுங்களுக்கு. கேக்குறவன் யாருன்னு நமக்குத் தெரியாது. மொத எழுத்தைக் காட்டிட்டு மிச்சத்தை நட்சத்திரம் போட்டு மறைச்சிருவான். பணம் கட்டுனப்புறந்தான் விலாசம் வரும்.

நான் கத்துக்கிட்ட வித்தையை எல்லாம் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. புளி போட்டு வெளக்கக் கூடாது. களிம்பு இருக்கணும், அப்பத்தான் பழசுன்னு நம்புவான். கறுப்பு வேட்டியை விரிச்சு, வெயில் சாயிற நேரத்துல படம் பிடிக்கணும். அப்புறம் பேரு. பாத்திரத்துல பேர் வெட்டியிருந்தா அதைக் கட்டாயம் படத்துல காட்டணும். இன்னார் கல்யாணத்துக்கு இன்னார் செஞ்சதுன்னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும் பாருங்க, அதைப் பாத்தா வாங்குறவனுக்கு ஒரு கிறுக்குப் பிடிச்சுரும். ஒரு குடும்பம் புழங்குன பொருள்னு தெரியும்ல. விலை அதுவாட்டுக்கு ஏறும்.

ஆனா இதுல ஒரு கூத்து இருக்கு. படத்துல பேரு வேணும், வீட்டுக்குள்ள வேண்டாம். கோயம்புத்தூர்ல ஒரு அம்மா என்கிட்டப் பொங்கப்பானை எடுத்தாங்க. பொங்கலன்னைக்குப் பானையைத் திருப்பிப் பாத்தா அடியில 'நினைவாக'ன்னு வெட்டியிருக்கு. செத்தவுங்க பேர் போட்ட பானையில எப்படிப் பொங்க வைக்கிறதுன்னு அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. போக வரக் கொரியர் என் தலையில. ஆப்புல என்னைப் பத்தி மோசமா நாலு வரி வேற எழுதி விட்டாங்க. அன்னைக்கோட ஒரு முடிவு எடுத்தேன். என்கிட்ட இருந்து போற எந்தப் பாத்திரமும் பேரோட போகாது. ஏலம் முடிஞ்ச மறுநாளே ரகூப் பாய் பட்டறைக்குக் கொண்டுபோயிருவேன். அரத்தால ராவி, சக்கரத்துல வச்சு எடுத்தாருன்னா பேர் இருந்த எடமே தெரியாது. என் கைக்காசு சார் அது. ஒருத்தர் பேர் போட்டதுல இன்னொருத்தர் சாப்பிடுறது நல்லா இல்லல்ல? பழைய பாத்திரம் விக்கிற எந்தக் கடையிலயும் மொத வேலை அதான். வாங்குறவங்க மனசு நோகக் கூடாதுன்னு நெனைக்கிறவன் நான்.

இன்னொண்ணு, பேரை வாசிக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு அது ரொம்ப முக்கியம். ஆரம்பத்துல வாசிச்சிட்டிருந்தேன். ஒரு நாள் ஒரு சொம்புல எங்க அஞ்சாங்கிளாஸ் டீச்சர் பேரு. அவுங்க மகன் கொண்டாந்து போட்டிருக்கான். கையில வச்சுக்கிட்டு விக்கவும் முடியல, வச்சிருக்கவும் முடியல, ஒரு வாரம் ஒரு வேலையும் ஓடல. அதுக்கப்புறம் கண்ணைப் பழக்கிட்டேன். விளிம்பைப் பாப்பேன், அடியைப் பாப்பேன், கைப்பிடியைப் பாப்பேன். பேர் இருந்தா ஆமா பேர் இருக்கு, அவ்வளவுதான். யாரு எவருன்னு மண்டையில ஏத்துறதில்ல.

டீ வேணுமா சார்? வண்டி இங்க அஞ்சு நிமிசம் நிக்கும். வேண்டாமா? எனக்கும் வேண்டாம். 

தங்கச்சி கதைக்கு வர்றேன். பேரு பூமாரி. எனக்கு நாலு வயசு எளையவ. பந்தல்குடிப் பக்கம் கட்டிக் குடுத்தோம். ஒரே ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. செவசெவன்னு இருக்கும் சார், கையில எடுத்தா மீசையைப் பிடிச்சு இழுக்கும். என் மடியில வச்சுத்தான் காது குத்துனது. தாய்மாமன்ல நான். அப்பக் கடை புதுசு, கையில காசு கெடையாது. இருந்தாலும் விட்டுக்குடுக்கல. வெங்கலத்துல கும்பா வாங்கி, பிள்ளை பேரை வெட்டி, கீழ 'தாய்மாமன் சௌந்திரபாண்டி உபயம்'னு என் பேரையும் வெட்டி, அதுல பாலும் பழமும் வச்சுச் சபையில குடுத்தேன். எல்லாரும் பாத்தாங்க. சௌந்திரபாண்டி செஞ்சுட்டான்டான்னு பேசுனாங்க.

ரெண்டரை வயசுல போயிருச்சு சார். மூணு நாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். உள்ள போகத் தேவை இல்லாமப் போச்சு.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. பச்சப்பிள்ளை போயிருச்சுன்னா அது பொருள் ஒண்ணும் வீட்டுல இருக்கக் கூடாது. இருந்தாப் பெத்தவ மனசு தேறாது, அடுத்த பிள்ளை தங்காதும்பாங்க. அந்த வேலையை யாரு செய்யிறது? அந்தாளு, அதான் மாப்பிள்ளை, மூலையில உக்காந்துட்டாரு. நான்தான் எல்லாத்தையும் மூட்டை கட்டுனேன். சட்டை, ஜட்டி, பொம்மை, தலகாணி, ஸ்டுடியோவுல எடுத்த ஒரே ஒரு போட்டோ, அம்புட்டையும் கண்மாய்க்கரையில வச்சுக் கொளுத்துனேன். அவ பின்னாடியே ஓடியாந்தா. ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. வெங்கலம் எரியாதுல்ல? கும்பாவை மட்டும் எங்க வீட்டுப் பரண்ல தூக்கிப் போட்டேன். அதோட வீட்டுல எல்லாருக்கும் கண்டிப்பாச் சொல்லிட்டேன். இனிமே அந்தப் பிள்ளை பேரை யாரும் வாயில எடுக்கக் கூடாது, இவ காதுல விழக் கூடாதுன்னு. ஒருத்தரும் எடுக்கல. எங்கம்மா சாகுற வரைக்கும் எடுக்கல. நல்லதுக்குத்தான சார் செஞ்சேன்? அப்படித்தான அவ தேறுனா?

தேறுனான்னா என்ன, அடுத்த பிள்ளை தங்கல. அந்தாளு இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இவ எங்க வீட்டுக்கு வந்தா. ஏழு வருசத்துக்கு முன்னாடி திருப்பூர் போறேன்னா, போன்னு விட்டுட்டேன். பனியன்ல பிசிறு வெட்டுற வேலை. தீபாவளி பொங்கலுக்கு வருவா, ரெண்டு நாள் இருப்பா. அவ ஊருக்குக் கெளம்புற அன்னைக்கெல்லாம் ஏணியைப் போட்டுப் பரண்ல ஏறி எதையோ தடவிப் பாத்துட்டு எறங்குவா. ஒட்டடை அடிக்கிறான்னு நெனச்சுக்குவேன்.

போன ஆவணியில எனக்குச் சரக்கு இல்ல. எல்லாப் பயலும் இந்தத் தொழிலுக்கு வந்துட்டான், பழைய பாத்திரம் கெடைக்க மாட்டேங்குது. பரண்ல ஏறுனேன். ஒரு துணியில சுத்தி இருந்துச்சு கும்பா. இருவது வருசக் களிம்பு, பச்சையா, அப்படியே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. அது யாருதுன்னு எனக்குத் தெரியாதான்னு கேக்குறீங்க. தெரியும் சார். நான் வாங்குனதுதான. என் காசுல நான் வாங்கி, நான் குடுத்து, பொழங்க வேண்டியது போயிருச்சு. அப்பப் பொருள் யாருது? எனக்குத் திரும்பி வந்த மாதிரிதான? அப்படித்தான் நெனச்சேன். இப்பவும் அதுல தப்பு இருக்கிறதாத் தெரியல.

படம் பிடிச்சுப் போட்டேன். பேர் வெட்டுன பக்கத்தை நல்லாக் கிட்டக்க எடுத்தேன். 'குழந்தையின் பெயர் பொறித்தது, இருபது ஆண்டு புழங்காமல் பாதுகாத்தது'ன்னு எழுதுனேன். பொய்யா? ஒரு வார்த்தை பொய் கெடையாது. வழக்கம்போல வாட்சப் ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். வெளம்பரத்துக்கு எல்லாத்தையும் அதுல போடுறதுதான்.

தொள்ளாயிரத்துல ஆரம்பிச்சேன் சார். ரெண்டாயிரம் போகும்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடியணும். மதியம் மூணு மணிக்குப் 'ப'ன்னு ஒரு புது ஆளு உள்ள வருது. ப, அப்புறம் நட்சத்திரம். இதுக்கு முன்னாடி ஒரு ஏலத்துலயும் கேட்டதில்ல. பெங்களூர்ல ஹோட்டலுக்கு அலங்காரச் சாமான் எடுக்குற ஒருத்தன் இருக்கான். அவன் ஏத்த ஏத்த இதுவும் ஏத்துது. அவன் நூறு ஏத்துனா இது அஞ்சு நிமிசம் யோசிச்சு நூறு ஏத்தும். ஆறாயிரத்துல பெங்களூர்க்காரன் விலகிட்டான்.

அத்தோட முடிஞ்சிருக்கணும். ஆனா புது ஆளு எப்பவுமே நல்ல கறவை மாடு சார், நிறுத்தத் தெரியாது. என் பொண்டாட்டி பேர்ல ஒரு சிம் போட்டு ஆப்புல இன்னொரு கணக்கு வச்சிருக்கேன். எல்லாரும் வச்சிருக்காங்க, என்னை மட்டும் அப்படிப் பாக்காதீங்க. தூக்கி விடுறதுன்னு சொல்லுவோம். அதுல நான் ஆறாயிரத்து ஐநூறு கேட்டேன். அது ஏழாயிரம்னுச்சு. எட்டுன்னேன். எட்டரைன்னுச்சு.  பத்தைத் தாண்டுச்சு. பதினஞ்சைத் தாண்டுச்சு. யாரோ பெரிய எடம், அமெரிக்காவுல உக்காந்துருக்கு, காசு பெருத்துப் போயி வாங்குதுன்னு நெனச்சேன். என் பொண்டாட்டியே சொன்னா, போதுங்க, பாவம் யாரோ, விட்டுருங்கன்னு. ஏலத்துல பாவம் பாத்தா நடக்குமா? கடைசி ஒரு நிமிசத்துல இருபத்து மூவாயிரம் கேட்டேன். இது விலகிட்டா கும்பா என் பொண்டாட்டி தலையிலதான் விழும். இருபத்து மூவாயிரத்து ஐநூறுன்னு வந்துச்சு. மணி அஞ்சு. முடிஞ்சுருச்சு. ஊரு முழுக்க லட்டு குடுக்கணும்போல இருந்துச்சு சார்.

அன்னைக்கு மதியம் பூமாரி மூணு தடவை கூப்பிட்டா. ஏலம் முடியிற நேரத்துல நான் யாரு போனையும் எடுக்குறதில்ல. கூப்பிட்டா ஸ்க்ரீனு மறைச்சுரும், அந்த நேரத்துல விலை போயிரும். போன்லயே ஒரு வசதி இருக்கு, கட் பண்ணுனா 'இப்போது பேச இயலாது'ன்னு அதுவே மெசேஜ் போட்டுரும். மூணு தடவையும் அது போயிருக்கு. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு அனுப்பியிருந்தா. அவளுக்கு டைப் அடிக்க வராது. அதை நான் அன்னைக்குக் கேக்கல. அவ என்ன சொல்லுவா, அம்மா தெவசம் எப்பன்னு கேப்பா, அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டேன். விட்டவன் மறந்துட்டேன்.

திங்கக்கெழமை பணம் வந்துருச்சு. விலாசம் வந்துச்சு. பாக்கியம், இன்ன லேடீஸ் ஹாஸ்டல், திருப்பூர். அமெரிக்காக்காரி இல்லையே, பனியன் கம்பெனிக்காரி மாதிரி இருக்கேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். அந்த ஹாஸ்டல்லதான் பூமாரி இருக்கா, அந்தப் பாக்கியம் அவளுக்குப் பக்கத்துக் கட்டில்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ எங்க தங்கியிருக்கான்னு நான் கேட்டதில்ல, அவ சொன்னதும் இல்ல. ஸ்டேட்டஸைப் பாத்துட்டு, காதுல கெடந்த தோடு, பிடிச்சு வச்சிருந்த சீட்டு, எல்லாத்தையும் போட்டு, ஆப்பு தெரிஞ்ச அந்தப் பிள்ளையை வச்சுப் பூமாரிதான் கேட்டிருக்கா. ஒரு எட்டு நேர்ல வந்து நின்னிருந்தா சும்மாவே தூக்கிக் குடுத்திருக்க மாட்டேனா? என்னமோ வீராப்பு.

பணம் பெருசுங்கிறதால நான் வேலையை இன்னும் சுத்தமாச் செய்யணும்னு நெனச்சேன். அன்னைக்கே ரகூப் பாய்கிட்டக் கொண்டுபோயிட்டேன். பாய் கும்பாவைத் திருப்பிப் பாத்துட்டு, இது சின்னப் பிள்ளை பேரு மாதிரி இருக்கே, ஒங்க பேரும் இருக்கு, அழிக்கவான்னு ரெண்டு தடவை கேட்டாரு. அழிங்க பாய், பார்ட்டி பெரிய பார்ட்டின்னேன். அழிச்சு, உள்ளயும் வெளியவும் சக்கரத்துல பிடிச்சுக் குடுத்தாரு. தங்கம் தோத்துச்சு சார். முகம் பாக்கலாம் அதுல. என் பேருந்தான் அதோட போச்சு. நான் வருத்தப்பட்டேனா? பஞ்சு வச்சு, அட்டைப்பெட்டியில போட்டு அனுப்புனேன்.

வியாழக்கெழமை கூப்பிட்டா. பூமாரிதான். அன்னைக்குக் கடையில சும்மா இருந்தேன், எடுத்தேன். என்னம்மா சௌக்கியமான்னேன்.   பின்னாடி மிஷின் ஓடுற சத்தம்.

"பேரு எங்கண்ணே?"ன்னா.

எந்தப் பேரும்மான்னேன். எனக்கு ஒண்ணும் ஓடல.

"பிள்ளை பேரு எங்கண்ணே? படத்துல இருந்துச்சே. அதைப் பாத்துத்தாண்ணே வாங்குனேன். திருப்பித் திருப்பிப் பாக்குறேன், காணோமே. வேற கும்பாவை அனுப்பிட்டியா?"

அப்பத்தான் சார் எனக்கு வெளங்குச்சு.  அப்படியே தராசு மேல உக்காந்துட்டேன். பாலீஷ் போட்டேம்மான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? என் கைக்காசு போட்டு நல்லாத்தாம்மா பாலீஷ் போட்டேன்னு சொன்னேன். அவ அழுவான்னு பாத்தேன். அழல. வச்சுட்டா.

அதுக்கப்புறந்தான் அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். இந்தா, இதுல இருக்கு, கேக்குறீங்களா? வேண்டாம், வண்டிச் சத்தத்துல கேக்காது. "அண்ணே, அது பாப்பா கும்பாண்ணே, நிறுத்துண்ணே. காசு வேணும்னா நான் தர்றேண்ணே." அவ்வளவுதான். பதினோரு செகண்டு. அன்னைக்கே கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன் சார். நடுவுல நிறுத்துனா மூணு மாசத்துக்குக் கணக்கை முடக்கிருவான். இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தர்றேன்னு பாக்கியம் பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்புனேன். ஆப்புக்காரன் கமிஷன், கொரியர் போக மிச்சத்தை. வேண்டாம்னுட்டாளாம். பொண்டாட்டி சிம் விசயத்தை நான் சொல்லல. சொல்லி என்ன ஆகப் போகுது, இன்னும் நொந்துக்குவா. நாலு மாசமாக் கூப்பிடுறேன், மணி அடிக்குது, கட் ஆகுது, 'இப்போது பேச இயலாது'ன்னு மெசேஜ் வருது. அந்த வசதியை அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல.

தூக்கம் இல்ல சார் எனக்கு. ஒங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கண்ணை மூடுனா, கண்மாய்க்கரையில ரெண்டு பேரு பிடிச்சிருக்க அவ திமிறிக்கிட்டு நிக்கிறது தெரியுது. இருவது வருசமா வராதது இப்ப வருது. ஏணியைப் போட்டு அவ எதைத் தடவிப் பாத்துட்டு எறங்குனான்னு இப்பத்தான வெளங்குது. அந்தக் களிம்புக்குள்ள வெரலை வச்சுத் தடவியிருக்கா.

அதான் ஒரு முடிவுக்கு வந்து கெளம்பிட்டேன். இந்தப் பையில இருக்கே, பேர் வெட்டுற மிஷின். பாட்டரியில ஓடுறது. புதுசு, இதுக்காகவே வாங்குனேன். நேராப் போயி அவ முன்னாடி உக்காந்து, கும்பாவைக் குடும்மான்னு கேட்டு, அதே எடத்துல, அதே மாதிரி வெட்டிக் குடுத்துட்டா அவ கோவம் போயிருமா போகாதா? போயிரும். பத்து நிமிச வேலை. ரெண்டு வாரமா டம்ளர்ல வெட்டிப் பழகியிருக்கேன். இந்தா பாருங்க. பிடிங்க, வெளிச்சத்துல பாருங்க. எழுத்து எப்படி இருக்கு? 'தாய்மாமன் சௌந்திரபாண்டி உபயம்'. அப்ப எப்படி இருந்துச்சோ அதே. ஒரு புள்ளி விலகல பாருங்க. பெரிய வரி இதான், இது கைக்கு வந்துட்டா மிச்சம் சுளுவு.

தாராபுரம் வந்துருச்சா? அட, பேச்சுல தெரியவே இல்ல. பையை எடுத்துக்கங்க, குடை கெடக்கு பாருங்க. என்ன கேட்டீங்க?

பிள்ளை பேரா?

பேரு வந்து... நாங்க பாப்பான்னுதான் சார் கூப்பிடுறது. எல்லாருமே பாப்பாதான். பேரு அவங்க அப்பன் வீட்டுல பஞ்சாங்கம் பாத்து வச்சது. நீளமா இருக்கும். நான்தான் பேர் வெட்டுறவர்கிட்டத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். சீட்டு எழுதுனது நல்லா ஞாபகம் இருக்கு, நீல மை. படத்துல இருந்துச்சு, கிட்டக்க எடுத்தேனே, நல்லாத் தெரியுமே. வித்த படத்தை எல்லாம் அன்னைக்கே அழிச்சுருவேன், போன்ல எடம் இல்ல. ஆப்புலயும் மூணு மாசத்துல தூக்கிருவான். அம்மாவைக் கேக்கலாம்னா அம்மா இல்ல. அவளைக் கேக்கலாம்னா...

தெரியும் சார். எனக்குத் தெரியாமப் போகுமா, என் மடியில வச்சுக் காது குத்துன பிள்ளை. நுனி நாக்குல நிக்குது. இருங்க சார், எறங்காதீங்க, இங்க வண்டி அஞ்சு நிமிசம் நிக்கும். ஒரு நிமிசம் இருங்க. சொல்லிர்றேன்.